வலைத்தள நிரல்வழி மின்னஞ்சலும் தலைப்பு வரிகளும்

மின்னஞ்சல் தலைப்பு வரிகள் என்பவை ஒவ்வொரு மின்னஞ்சலின் தொடக்கத்திலும் அமையும் விவர வரிகள் ஆகும். அனுப்புநர், பெறுநர், பொருள், நாள், எழுத்துக் குறியாக்கம் முதலிய செய்திகள் இவற்றில் இடம்பெறும். ஒருவர் தம் மின்னஞ்சல் செயலியைத் திறந்து மடல் எழுதும்போது இவ்வரிகளைச் செயலியே அமைத்துவிடுகிறது. ஒரு வலைத்தளத்தின் நிரல் தானாக மடல் அனுப்பும்போது இப்பொறுப்பு நிரலை எழுதியவரைச் சேர்கிறது. வரிகள் பிழையாக அமைந்தால் மடல் எரிதக் கோப்புறைக்குப் போகலாம், திருப்பி அனுப்பப்படலாம், தமிழ் எழுத்துகள் சிதையலாம், அல்லது தளத்தைப் பயன்படுத்திப் பிறர் எரிதம் அனுப்பலாம்.

தொடர்புப் படிவம், விண்ணப்பப் பதிவு, கடவுச்சொல் மீட்பு, கூட்ட அறிவிப்பு, கட்டண ரசீது ஆகியவை நிரல்வழி மடல் பயன்படும் பொதுவான இடங்கள். தலைப்பு வரிகளின் பெயர்களை மடலில் ஆங்கில எழுத்துகளிலேயே எழுத வேண்டும். இக்கட்டுரையில் அவற்றின் ஒலிப்பு தரப்பட்டுள்ளது.

வரலாறு

கணினி வலையமைப்பு ஒன்றின் வழியே முதல் மின்னஞ்சலை 1971இல் ரே டாம்லின்சன் அனுப்பினார். பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க '@' குறியைப் பயன்படுத்தியவரும் அவரே. தலைப்பு வரிகளுக்கு ஒரு பொது வடிவம் தரும் முயற்சி 1973இல் ஆர்.எஃப்.சி. 561 என்னும் ஆவணத்துடன் தொடங்கியது. 1982இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 822 நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. 2001இல் ஆர்.எஃப்.சி. 2822 அதன் இடத்தைப் பிடித்தது. அதைத் திருத்தி 2008இல் ஆர்.எஃப்.சி. 5322 வெளியானது.

இந்த ஆவணங்கள் தலைப்பு வரிகளில் அடிப்படை ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் மட்டுமே இடம்பெறும் என்று கொண்டவை. பிற மொழி எழுத்துகளையும் இணைப்புக் கோப்புகளையும் அனுப்ப 'மைம்' என்னும் விரிவாக்கம் 1992இல் உருவாகி, 1996இல் இன்றைய வடிவம் பெற்றது. தமிழில் மடல் அனுப்பும் ஒவ்வொரு நிரலும் இந்த விரிவாக்கத்தை நம்பியே இயங்குகிறது.

வில்லியனூர்த் தகவல் மையம்

புதுச்சேரிப் பகுதியின் ஐந்து கொம்யூன்களுள் வில்லியனூரும் பாகூரும் அடங்கும். கிராமத்துக்குத் தகவல் கொண்டுசேர்க்கும் பணியில் வில்லியனூருக்கு ஒரு தனியிடம் உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியுடன் 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தின் நடு மையம் இங்கேதான் அமைந்தது. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் கிராமத் தகவல் மையங்கள் இயங்கின.

அந்நாளில் தொலைபேசி இணைப்பு எல்லா ஊர்களிலும் நம்பத்தக்கதாக இல்லை. எனவே வில்லியனூர் மையம் தொலைபேசி வழியே இணையத்திலிருந்து தகவலைப் பெற்று, தமிழில் உள்ளூர்த் தேவைக்கு ஏற்ப ஆக்கி, கம்பியில்லா வானொலிக் கருவிகள் மூலம் கிராம மையங்களுக்கு அனுப்பியது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கான அலை உயர முன்னறிவிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து எடுக்கப்பட்டு, ஊரில் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு மீனவ ஊரில், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த ஆழிப்பேரலை எச்சரிக்கை தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியே ஊருக்குச் சொல்லப்பட்டு உயிர்கள் காக்கப்பட்டன.

இத்தகைய பணியின் ஒரு பகுதி இன்று கைப்பேசிச் செய்திக்கும் மின்னஞ்சலுக்கும் மாறியுள்ளது. ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் யார் என்பதை ஊரார் குரலைக் கேட்டே அறிவர். மின்னஞ்சலில் அந்த வேலையைத் தலைப்பு வரிகளே செய்கின்றன. அனுப்பியவர் யார், எந்த வழியாக வந்தது, எந்த எழுத்தில் படிக்க வேண்டும் என்பதைப் பெறும் கணினி அவற்றைக் கொண்டே முடிவுசெய்கிறது.

உறையும் உள்மடலும்

மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரி இரண்டு இடங்களில் உண்டு. அஞ்சல் உறையின் மேல் எழுதும் முகவரி ஒன்று. உள்ளே மடலின் தலைப்பில் எழுதும் முகவரி மற்றொன்று. பெறுநர் திரையில் காண்பது உள்மடலின் 'ஃபிரம்' வரி. வழங்கிகள் தமக்குள் பரிமாறிக்கொள்வது உறை முகவரி. மடல் சேராமல் திரும்பினால் உறை முகவரிக்கே திரும்பும். பெறும் வழங்கி அதை 'ரிட்டர்ன்-பாத்' என்னும் வரியாக மடலின் மேல் பதிவுசெய்யும்.

நிரல் எழுதுவோர் பலர் 'ஃபிரம்' வரியை மட்டும் அமைத்துவிட்டு உறை முகவரியை மறந்துவிடுவர். அப்போது வழங்கியில் வலைச் சேவை எந்தப் பயனர் பெயரில் இயங்குகிறதோ அந்தப் பெயரே உறையில் ஏறும். திரும்பிய மடல்கள் யாரும் திறக்காத பெட்டியில் குவியும். பெறுநருக்கு மடல் சேரவில்லை என்பதே அனுப்பியவருக்குத் தெரியாமல் போகும்.

பி.எச்.பி. மொழியின் மெயில் செயற்கூறு 'வெற்றி' என்று விடை தந்தாலும், உள்ளூர் வழங்கி மடலை அனுப்புவதற்கு ஏற்றுக்கொண்டது என்பது மட்டுமே அதன் பொருள். பெறுநரின் பெட்டியை அடைந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. 'உங்கள் விண்ணப்பம் அனுப்பப்பட்டது' என்று திரையில் காட்டும் தளம், விண்ணப்பத்தைத் தரவுத்தளத்திலும் சேமித்து வைப்பது நல்லது.

முதன்மைத் தலைப்பு வரிகள்

ஆர்.எஃப்.சி. 5322இன்படி ஒரு மடலில் கட்டாயம் இருக்க வேண்டிய வரிகள் இரண்டே: 'ஃபிரம்', 'டேட்'. நடைமுறையில் மற்றவையும் தேவைப்படுகின்றன.

ஃபிரம்: மடலை அனுப்புபவரின் முகவரி. வலைத்தளத்தின் சொந்த ஆள்களப் பெயரில் அமைந்த முகவரியாக இருக்க வேண்டும்.

ரிப்ளை-டு: பதில் போய்ச் சேர வேண்டிய முகவரி. தொடர்புப் படிவத்தை நிரப்பியவரின் முகவரிக்கு உரிய இடம் இதுவே.

டு: பெறுநர் முகவரி. ஒரே மடலில் பலரின் முகவரியை இங்கே எழுதினால் ஒவ்வொருவரின் முகவரியும் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும். உறுப்பினர் பலருக்கு அறிவிப்பு அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் தனி மடலாக அனுப்புவதே முறை.

சப்ஜெக்ட்: மடலின் பொருள்.

டேட்: அனுப்பிய நாளும் நேரமும். நேர வலயமும் சேர்த்து எழுதப்பட வேண்டும். இந்திய நேரத்துக்கு அது +0530. வெளிநாட்டிலுள்ள வழங்கியின் நேரத்தை வலயம் குறிக்காமல் எழுதினால் மடலின் நேரம் முன்பின்னாகத் தோன்றலாம்.

மெசேஜ்-ஐடி: ஒவ்வொரு மடலுக்கும் உரிய தனி அடையாளம். பதில்களை ஒரே தொடராகக் கோக்க இது உதவுகிறது.

மைம்-வெர்ஷன், கன்டென்ட்-டைப், கன்டென்ட்-டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்: மடலின் உடல் எளிய உரையா, வலைப்பக்க வடிவமா, எந்த எழுத்துக் குறியாக்கம், எப்படிப் பொதியப்பட்டது என்பவற்றைச் சொல்லும் வரிகள்.

'ரிசீவ்டு' வரிகளை நிரல் எழுதுவதில்லை. மடல் கடந்து செல்லும் ஒவ்வொரு வழங்கியும் தன் பெயரையும் நேரத்தையும் இப்பெயரில் மேலே சேர்த்துக்கொண்டே போகும். ஆகவே மடல் வந்த வழியை அறியக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

ஒவ்வொரு தலைப்பு வரியும் 'சி.ஆர்.', 'எல்.எஃப்.' ஆகிய இரண்டு வரிமுடிவுக் குறிகளால் முடிய வேண்டும். தலைப்புப் பகுதியையும் உடலையும் பிரிப்பது ஒரு வெற்று வரி. நிரலில் தவறுதலாக ஒரு வெற்று வரி இடையில் நுழைந்துவிட்டால், அதற்குக் கீழுள்ள தலைப்பு வரிகள் எல்லாம் மடலின் உரையாகிப் பெறுநர் கண்ணில் படும். பி.எச்.பி. 7.2 முதல் தலைப்பு வரிகளைப் பெயரும் மதிப்புமாக ஒரு அணியில் கொடுக்க முடியும் என்பதால் இப்பிழை குறைகிறது.

தமிழ்ப் பொருள் வரி

ஒருங்குறிக்கு முன் தமிழ் மடல்கள் டிஸ்கி, டேப், டேம் போன்ற 8 பிட்டுக் குறியாக்கங்களில் எழுதப்பட்டன. டேப், டேம் இரண்டும் 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசால் தரமாக்கப்பட்டவை. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் இவற்றைப் படிக்க இயலாது. ஒருங்குறியின் யு.டி.எஃப்.-8 வடிவம் பரவிய பின் அச்சிக்கல் தீர்ந்தது. ஆனால் தலைப்பு வரிகளில் ஒரு கட்டுப்பாடு எஞ்சி நிற்கிறது: தமிழ் எழுத்துகளை அப்படியே எழுதாமல், ஆர்.எஃப்.சி. 2047 வகுத்த முறையில் 'குறியாக்கச் சொல்' ஆக மாற்ற வேண்டும்.

மாற்றாமல் அனுப்பினால் சில செயலிகள் ஒவ்வொரு பைட்டையும் ஒரு மேலை ஐரோப்பிய எழுத்தாகக் காட்டும். தமிழ் எழுத்துகளின் முதல் பைட்டு எப்போதும் ஒன்றே ஆதலால், மேலே சாய்கோடு போட்ட 'ஏ' எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வரும். இப்படித் தோன்றினால் மடலின் குறியாக்க அறிவிப்பு தவறியுள்ளது என்று உடனே உணரலாம்.

குறியாக்கச் சொல்லில் நான்கு கூறுகள் உண்டு: தொடக்கக் குறி, எழுத்துக் குறியாக்கத்தின் பெயர், பொதியும் முறையின் அடையாளம், பொதிந்த உரையும் முடிவுக் குறியும். ஒரு குறியாக்கச் சொல்லின் நீளம் 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அதை உடைய தலைப்பு வரியின் நீளம் 76 எழுத்துக்கு மேல் போகக் கூடாது.

யு.டி.எஃப்.-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் கொண்டது. உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படும். எனவே 'வில்லியனூர்' என்னும் சொல் கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கு 11 குறியீடு, 33 பைட்டு. பேஸ்64 முறையில் பொதிந்தால் 44 எழுத்து.

'பாகூர் ஏரி மதகு திறப்பு' என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். தமிழ் எழுத்து 12, குறியீடு 20, இடைவெளி 3, ஆக 63 பைட்டு. பேஸ்64 முறையில் 84 எழுத்தாகும். யு.டி.எஃப்.-8, பேஸ்64 என்று அறிவிக்கும் சூழ்குறிகளுக்கு 12 எழுத்து தேவை. மொத்தம் 96, ஒரே குறியாக்கச் சொல்லில் அடங்காது. இதை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது பகுதியை ஒரு வெற்றிடத்துடன் தொடங்கும் அடுத்த வரியில் இட வேண்டும்.

பிரிக்கும்போது இரண்டு விதிகளைப் பின்பற்ற வேண்டும். ஒரு குறியீட்டின் மூன்று பைட்டுகளை இரு பகுதிகளுக்குப் பங்கிடக் கூடாது. பங்கிட்டால் அவ்விடத்தில் கேள்விக்குறி போன்ற சிதைவு தோன்றும். அடுத்தடுத்த குறியாக்கச் சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைப் பெறும் செயலி நீக்கிவிடும். ஆகவே 'ஏரி' என்ற சொல்லுக்குப் பின் வரும் இடைவெளியை முதல் பகுதிக்குள்ளேயே சேர்த்துப் பொதிய வேண்டும். இல்லையேல் 'ஏரிமதகு' என்று ஒட்டிக்கொள்ளும்.

இவற்றைக் கையால் செய்யத் தேவையில்லை. பி.எச்.பி. மொழியில் பல்பைட்டு நூலகத்தின் தலைப்புக் குறியாக்கச் செயற்கூறும், பைத்தான் மொழியில் மின்னஞ்சல் நூலகமும் இவ்வேலையைச் செய்கின்றன. பி.எச்.பி. செயற்கூறுக்கு யு.டி.எஃப்.-8 என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அனுப்புநர் பெயரைத் தமிழில் எழுதினால் பெயர்ப் பகுதியை மட்டும் குறியாக்க வேண்டும். கோணக் குறிக்குள் உள்ள முகவரியைக் குறியாக்கக் கூடாது.

மடலின் உடலுக்கும் எல்லை உண்டு. ஒரு வரியில் 998 பைட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. தமிழில் சுமார் 330 குறியீட்டிலேயே இந்த எல்லை வந்துவிடும். வரி முறிக்காத ஒரு நீண்ட பத்தியை அப்படியே அனுப்பினால், வழியிலுள்ள வழங்கி ஓர் எழுத்தின் நடுவிலேயே முறித்துவிடலாம். உடலையும் பேஸ்64 முறையில் பொதிந்தால் இது நேராது. 'கோட்டட்-பிரின்டபிள்' என்னும் மற்றொரு முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 எழுத்து ஆகும். பேஸ்64இல் 4 எழுத்தே ஆகும்.

அனுப்புநர் முகவரியில் நேரும் பிழை

தொடர்புப் படிவம் எழுதுவோரிடம் மிகப் பரவலான பழக்கம், படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே 'ஃபிரம்' வரியில் இடுவது. 'பதில்' பொத்தானை அழுத்தினால் நேராக அவருக்கே போகும் என்பதே இதன் நோக்கம். முன்பு இது தடையின்றி நடந்தது. இன்று இது மடல் சேராமல் போவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று.

ஒருவர் பெயரில் மற்றொருவர் மடல் அனுப்புவதைத் தடுக்க மூன்று முறைகள் உருவாயின. எஸ்.பி.எஃப். முறையில், தன் பெயரில் மடல் அனுப்ப எந்த வழங்கிகளுக்கு உரிமை உண்டு என்று ஆள்களப் பெயரின் உரிமையாளர் பெயர்ப் பதிவேட்டில் அறிவிக்கிறார். பெறும் வழங்கி உறை முகவரியை அதனுடன் ஒப்பிடுகிறது. டி.கே.ஐ.எம். முறையில் அனுப்பும் வழங்கி குறிப்பிட்ட தலைப்பு வரிகளுக்கும் உடலுக்கும் எண்மக் கையொப்பம் இடுகிறது. டி.எம்.ஏ.ஆர்.சி. முறை இவ்விரண்டில் ஒன்றாவது தேறியதா, தேறிய ஆள்களம் 'ஃபிரம்' வரியில் உள்ளதுடன் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. ஒத்துப்போகாவிட்டால் ஏற்பதா, ஒதுக்குவதா, மறுப்பதா என்பதையும் உரிமையாளரே அறிவிக்கலாம்.

2014 ஏப்ரலில் யாஹூ நிறுவனம் தன் முகவரிகளுக்கு 'மறுக்க' என்று அறிவித்தது. அன்று முதல், யாஹூ முகவரியை 'ஃபிரம்' வரியில் இட்டுப் பிற தளங்கள் அனுப்பிய மடல்கள் திருப்பப்பட்டன. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தனக்கு அனுப்பும் எல்லாரிடமும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இவற்றில் ஒன்றையேனும் கேட்கிறது. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5000 மடலுக்கு மேல் அனுப்புவோர் மூன்று முறைகளையும் கொண்டிருக்க வேண்டும். விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதிக்கான தலைப்பு வரியும் வேண்டும்.

பாகூர்ப் பகுதி விவசாயிகள் சங்கம் ஒன்று தளம் நடத்துவதாகக் கொள்வோம். விதை நெல் கேட்டு ஒருவர் படிவம் நிரப்புகிறார். வரும் மடலில் 'ஃபிரம்' வரியில் சங்கத்தின் ஆள்களப் பெயரில் உள்ள முகவரியும், 'ரிப்ளை-டு' வரியில் விவசாயியின் முகவரியும், உறையில் சங்கம் உண்மையாகவே திறந்து பார்க்கும் ஒரு முகவரியும் இருந்தால் மூன்று தேவைகளும் நிறைவேறும். அலுவலர் 'பதில்' அழுத்தினால் விவசாயிக்கே போகும். சோதனைகளில் மடல் தேறும். சேராத மடல் சங்கத்துக்குத் தெரியவரும்.

தலைப்பு ஊடுருவல்

படிவத்தில் நிரப்பப்படும் பெயர், முகவரி, பொருள் ஆகியவற்றை நிரல் அப்படியே தலைப்பு வரிகளில் சேர்த்தால் ஒரு வழி திறந்துவிடுகிறது. முகவரிக் கட்டத்தில் ஒரு வரிமுடிவுக் குறியை நுழைத்து, அதன்பின் 'பிசிசி' என்று தொடங்கிப் பல நூறு முகவரிகளை ஒருவர் எழுதலாம். நிரல் அதை ஒரு புதிய தலைப்பு வரியாகக் கருதி எல்லாருக்கும் மடலை அனுப்பிவிடும். இதுவே தலைப்பு ஊடுருவல் எனப்படுகிறது.

இதற்கு முன்னோடியான ஒரு வழக்கு ஃபார்ம்மெயில். மேட் ரைட் 1995இல் வெளியிட்ட இந்தப் பெர்ல் நிரல் உலகெங்கும் பயன்பட்டது. பெறுநர் முகவரியைப் படிவத்தின் மறை கட்டத்திலிருந்தே அது எடுத்துக்கொண்டதால், எரிதம் அனுப்புவோர் பிறர் தளங்களின் வழியே தாம் விரும்பிய முகவரிகளுக்கு மடல் அனுப்பினர். 2016 டிசம்பரில் பி.எச்.பி.மெயிலர் நூலகத்தில் வெளிப்பட்ட குறையும் இதை ஒத்தது. அனுப்புநர் முகவரி உறை முகவரியாக வழங்கியின் கட்டளைக்குள் சென்றதால், தாக்குபவர் தம் கட்டளைகளை அங்கே இயக்க முடிந்தது. 5.2.18ஆம் பதிப்பிலும் அதை அடுத்து வந்த பதிப்புகளிலும் அது திருத்தப்பட்டது.

தற்காப்பு முறைகள் வருமாறு:

1. பெறுநர் முகவரியை நிரலுக்குள்ளேயே எழுத வேண்டும். படிவத்திலிருந்து எடுக்கக் கூடாது.
2. தலைப்பில் சேரும் எந்த உள்ளீட்டிலும் வரிமுடிவுக் குறி இருந்தால் அந்தப் படிவத்தை ஏற்கக் கூடாது.
3. முகவரி சரியான வடிவில் உள்ளதா என்று சோதித்த பின்னரே 'ரிப்ளை-டு' வரியில் சேர்க்க வேண்டும்.
4. உறை முகவரியை மாறாத ஒன்றாக வைக்க வேண்டும். பயனர் உள்ளீட்டை அங்கே செலுத்தக் கூடாது.
5. பயன்படுத்தும் நூலகத்தைப் புதிய பதிப்பில் வைத்திருக்க வேண்டும்.

சிறு அமைப்புகள் பெரும்பாலும் பகிர்வு வழங்கிகளில் தளம் நடத்துகின்றன. ஒரே இணைய முகவரியைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்வதால், ஒரு தளத்தின் வழியே எரிதம் போனால் அந்த முகவரி கரும்பட்டியலில் சேர்ந்து, மற்றத் தளங்களின் மடல்களும் மறுக்கப்படலாம். ஒரு படிவத்தில் விட்ட ஓட்டையின் விளைவை அண்டைத் தளத்தாரும் சுமக்க நேர்கிறது.

சரிபார்த்தல்

தளத்தை வெளியிடுமுன் வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டிகளுக்குச் சோதனை மடல் அனுப்பிப் பார்ப்பது வழக்கம். மின்னஞ்சல் செயலிகள் பலவற்றில் மூல மடலைக் காட்டும் வசதி உண்டு. அதில் 'அதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்' வரியில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.எம்.ஏ.ஆர்.சி. மூன்றும் தேறினவா என்றும், 'ரிட்டர்ன்-பாத்' வரியில் எதிர்பார்த்த முகவரி உள்ளதா என்றும் காணலாம். தமிழில் ஒரு நீண்ட பொருளும் ஒரு நீண்ட பத்தியும் இட்டுச் சோதித்தால் வரி முறிவுப் பிழைகள் தெரியும். இல்லாத முகவரி ஒன்றுக்கு அனுப்பி, திரும்பிய அறிவிப்பு உரிய பெட்டிக்கு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தமிழ் முகவரிகள்

2012இல் வெளியான ஆர்.எஃப்.சி. 6530 முதல் 6532 வரையிலான ஆவணங்கள், முகவரியையும் தலைப்பு வரிகளையும் யு.டி.எஃப்.-8இல் நேரடியாக எழுத வழி செய்தன. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' ஆகிய தமிழ் உயர்நிலை ஆள்களப் பெயர்களுடன் சேர்ந்து, முழுவதும் தமிழில் அமைந்த மின்னஞ்சல் முகவரி இதனால் இயல்வதாயிற்று. எனினும் வழியிலுள்ள எல்லா வழங்கிகளும் இவ்விரிவாக்கத்தை ஏற்றால்தான் அத்தகைய மடல் சென்று சேரும். எனவே படிவங்கள் தமிழ் முகவரியையும் ஏற்கும்படி அமைப்பதும், தளம் அனுப்பும் மடல்களில் ஆங்கில எழுத்து முகவரியையும் குறியாக்கிய தமிழ்ப் பெயரையும் பயன்படுத்துவதும் நடைமுறைக்கு ஏற்றவை.